இரண்டு பேர் தூக்க வேண்டியது

அவன் மறுபடியும் குனிந்து, டெலஸ்கோப்பைத் தாங்கும் இரும்பு முக்காலியின் இரண்டு கால்களைச் சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கிப் பார்த்தான். ஒரு கால் மட்டும் தரையிலிருந்து விரற்கடை எழும்பி, பிறகு தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டது. மொட்டை மாடியில் காற்று கிளம்பியிருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நேற்று மழைக்கான சுவடே இல்லை. "நாளைக்கும் தெளிவாத்தான் இருக்கும் மாப்ளே. இன்னிக்கு வெளியவே நிக்கட்டும், காலையில பாத்துக்கலாம்" என்று அத்தான்தான் சொன்னார். காலையில் அத்தான் இல்லை.

பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டாராம். அக்கா ஃபோன் செய்தபோது அவன் தன் பட்டறையில் யாருக்கோ செய்த பல் செட் ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தான். பல் மருத்துவர்களுக்குச் செட் செய்து கொடுப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது வேலை இருக்கும். "அத்தான் போயிட்டார்டா" என்றாள் அக்கா. வேலை பார்த்த காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள். வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் சொல்லும் அதே நிதானமான குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் அவனைத் தரையில் உட்கார வைத்தது.

மாடியின் மூலையில் லிஃப்ட் மெஷின் அறை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கட்டடத்து லிஃப்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். அதற்குப் பதிலாக அந்த அறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். டெலஸ்கோப்பும் அதைத் தாங்குகிற இந்த முக்காலி மவுண்டும் குடியிருந்தது அங்கேதான். காலையிலிருந்து அறைக்குள் மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள்.

"தம்பி, தனியா ஏன் மல்லுக்கட்டறீங்க? நான் ஒரு கை பிடிக்கிறேன்" என்று படியேறி வந்தார் எதிர்வீட்டு வங்கிக்காரர். அவன் வாயைத் திறப்பதற்குள் மவுண்டின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த எடைக்கம்பியைப் பிடித்துவிட்டார். அது தூக்குவதற்கானது அல்ல, சுற்றுவதற்கானது. சுற்றியது. கம்பியின் நுனியில் இருந்த இரும்பு எடை அவர் முழங்காலில் கச்சிதமாக இறங்கியது.

"அய்யோ!"

"அதைப் பிடிக்கக் கூடாது சார், அது திரும்பும்."

"முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

கண்ணில் நீரோடு நொண்டிக்கொண்டு அவர் கீழே நான்காவது மாடியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து, "பாவம், எவ்வளவு ஒட்டுதல் பாருங்க" என்று கூடத்தில் யாரோ சொன்னது படி வழியே மேலே கேட்டது. அத்தான் இருந்திருந்தால் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல், மவுண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினான்.

இந்த மவுண்டை வாங்கியதே தப்பு என்று அவன் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நட்சத்திரங்களைப் படம் எடுப்பது வேடிக்கையான வேலை. கேமராவை நிமிடக்கணக்கில் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதற்குள் பூமி சுற்றிவிடும். புள்ளியெல்லாம் கோடாக இழுத்துக்கொள்ளும். அதனால் நட்சத்திரத்தின் கூடவே டெலஸ்கோப்பை மெல்லத் திருப்பிக்கொண்டு போகும் மவுண்ட் வேண்டும். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், ஆனால் காற்றடித்தால் நடுங்கும். மற்றது பெரியது, புயலே வந்தாலும் அசையாது, ஆனால் நம்மாலும் அசைக்க முடியாது. எதை வாங்குவது என்று அத்தான் பல மாதம் யோசித்தார். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை.

"அத்தான், இந்த ஊர் வெளிச்சத்துல மாடியில நின்னு என்னத்தப் பாக்கப் போறீங்க? சின்னத வாங்குங்க. பஸ் ஏறி எங்கயாவது இருட்டுக்குப் போயிடலாம்."

"காத்தடிச்சா ஆடும் மாப்ளே."

"ஒரு கல்லைக் கட்டித் தொங்க விடுங்க."

"கல்லையும் சேத்துத் தூக்கிட்டுப் போனா அப்புறம் அது என்னடா சின்னது?"

அக்கா இருவர் தட்டையும் பார்ப்பாள். "நட்சத்திரம் எங்கயும் ஓடாது. சோறு ஆறிடும்" என்பாள்.

கடைசியில் அத்தானே இறங்கி வந்தார். "சரி, நீ ஜெயிச்ச. சின்னதுதான்" என்றார். லிஃப்டில் எந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவர் அவ்வளவு லேசில் யாரிடமும் தோற்க மாட்டார். அன்று முழுக்க அவன் மிதப்பாகத் திரிந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் மனைவி பிரிந்து போனாள். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் துவைக்காத துணி குவிந்தது. பட்டறைக்குப் போவான், வருவான், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். அவளே வந்து கதவைத் தட்டினாலும், "நல்லாத்தான் இருக்கேன்" என்று வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவான்.

அப்படி இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தானின் ஃபோன் வந்தது.

"மாப்ளே, ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்."

"என்ன?"

"பெரிசை வாங்கிட்டேன். தூக்க முடியல."

"சின்னதுன்னு தானே முடிவு பண்ணோம்?"

"கடையில பாத்ததும் புத்தி மாறிடுச்சுடா. இப்ப வாசல்ல கெடக்கு. உங்கக்கா கிட்டயே வர மாட்டேங்கிறா. வந்து ஒரு பக்கம் பிடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு."

பின்னாலிருந்து அக்காவின் குரல் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. "இந்த இரும்பை நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்!" ஆஸ்பத்திரியில் மூச்சுப் பேச்சில்லாத ஆட்களையே தனியாகப் புரட்டிப் போடுகிறவள் அவள். அன்று அவனுக்கு அது தோன்றவில்லை.

திட்டுவதற்காகத்தான் போனான். திட்டிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றினான். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தான் தலையைச் சொறிந்தார். "பாத்து முடிச்சதும் அறைக்குள்ள வைக்கணுமே மாப்ளே. அதுக்கும் ரெண்டு பேர் வேணும்." அதனால் இருந்தான். இருந்ததனால் சாப்பிட்டான். அடுத்த சனிக்கிழமையும் ஃபோன் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது. பிறகு ஃபோன் வரவில்லை, அவனே வந்துவிடுவான்.

எத்தனை சாயங்காலங்கள்! வெயில் தாழ்ந்து மாடித் தரை சூடு ஆறும் நேரத்தில் தூக்குவார்கள். மெஷின் அறைக்கு முழங்கால் உயரத்தில் ஒரு நிலைப்படி. மழைத்தண்ணீர் உள்ளே போகாமலிருக்க வைத்தது. பின்பக்கமாக நடப்பவர் அதைப் பார்க்க முடியாது, எதிரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். பின்பக்கமாக நடப்பது எப்போதும் அத்தான். படி வந்ததும் அவன் "ம்" என்பான். அத்தான் காலைத் தூக்கி வைப்பார். வேறு வார்த்தை தேவைப்பட்டதில்லை.

எடுத்த படங்கள் என்னவோ சுமார்தான். தெருவிளக்குகளின் வெளிச்சம் வானத்தில் பாதியைத் தின்றுவிடும். போதாததற்கு, கேமரா திறந்திருக்கும்போது யாராவது லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் மெஷின் உறுமி, தரை அதிர்ந்து, நட்சத்திரம் புழு மாதிரி நெளிந்துவிடும். "எவன்டா அவன், படியேறி வந்தா என்ன?" என்று கத்துவார், ஆயுள் முழுக்க லிஃப்டால் சோறு சாப்பிட்டவர். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். "சின்னதை வாங்கியிருந்தா இந்நேரம் இருட்டுக் காட்டுல உக்காந்து ஜம்முனு எடுத்திருப்போம்" என்று குத்திக் காட்டுவான். "தப்புத்தான்டா, என்ன பண்றது, வாங்கியாச்சு" என்பார் அத்தான். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். ஒரு நாளும் எதிர்வாதம் செய்ததில்லை.

அவன் மனைவியைப் பற்றி அத்தான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் அவனாகவே சொன்னான். "இன்னிக்குக் கோர்ட்டுல முடிஞ்சிடுச்சு அத்தான்." அத்தான் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, ஸ்டூலிலிருந்து எழுந்து, "இங்க உக்காரு, வியாழனைப் பாரு" என்றார். அவன் கண்ணை வைத்தான். வியாழன் கலங்கலாகத் தெரிந்தது.

"ஃபோகஸ் சரியில்ல" என்றான்.

"ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தான்.

அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கூடத்தில் அத்தானைக் கிடத்தியிருந்தார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வந்து சேர வேண்டும், அதற்காகக் காத்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எப்படி நடந்தது என்பதை ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். போர்வை விலகினால் சரி செய்தாள். அழுத பெண்களுக்கு அவளே தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள்.

அவன் பால்கனிப் பக்கம் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த நரைத்த மனிதர் திரும்பிப் பார்த்து, "நீங்கதான் மைத்துனரா? பல் செட் செய்யறவர்?" என்றார்.

"ஆமா. நீங்க?"

"டெலஸ்கோப் கடை என்னோடதுதான். சார் ஏதாவது ஸ்க்ரூ, வயர்னு அடிக்கடி வருவார். வந்தா உங்களைப் பத்திச் சொல்லாம போக மாட்டார்." கூடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "இத்தனை வருஷ வியாபாரத்துல இவர மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல."

"ஏன்?"

"அந்த மவுண்ட் வாங்க வந்தாரே, அன்னிக்கு. சின்னதுதான் வேணும்னு சொல்லி, பேக் பண்ணி கையில குடுத்தாச்சு. வாசல் வரைக்கும் போனவர் நின்னார். 'இதை ஒரு ஆளே தூக்கிடலாமா'ன்னு கேட்டார். ஒரு விரல்ல தூக்கலாம் சார்னேன். யோசிச்சார். 'அந்தப் பெரிசு?' அது ரெண்டு ஆள் வேணும் சார், தனியா இருந்தா வேண்டாம்னேன். உடனே திரும்பி வந்து, 'அப்ப அதையே குடுங்க'ங்கிறார்."

அவன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தூக்க முடியும்னு வாங்குவாங்க. தூக்க முடியாதுன்னு வாங்கினவர் இவர் ஒருத்தர்தான் சார்" என்று கடைக்காரர் சிரிக்கப் பார்த்து, இடம் நினைவு வந்து அடக்கிக்கொண்டார். "இதுல என்ன கூத்துன்னா, வண்டியில ஏத்தறதுக்கு நான் கடை ஆளைக் கூப்பிட உள்ள போனேன். வெளிய வந்து பாக்கறேன், இவரே தனியாத் தூக்கி உள்ள வச்சுட்டு, கயிறு கட்டிக்கிட்டு இருக்கார். என்ன பலம் அப்பல்லாம்! லிஃப்ட் வேலைக்காரர் இல்லையா."

அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தைப் பார்த்தான். அங்கே யாரோ கொடியிலிருந்து துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'தூக்க முடியல, வந்து ஒரு பக்கம் பிடி.' அந்த ஃபோனில் எவ்வளவு இளைத்த குரலில் சொன்னார் அந்த மனிதர்! தூக்கும்போது உம் உம் என்று என்னமாய் முக்கினார்! இத்தனை வருடமும் முட்டாள் என்று பெயர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"காபி குடிக்கிறீங்களா சார்?" என்றார் கடைக்காரர், அவன் முகத்தைப் பார்த்து.

"இல்ல, வேண்டாம். நீங்க குடிங்க."

மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் எல்லாம் விரைவாக நடந்தன. கீழே வண்டி வந்து நின்றது. அத்தானோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக்குகள் சிலர் லிஃப்ட் கதவைத் திறந்து குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. "நிமித்திக் கொண்டு போகலாம்" என்றார் ஒருவர். "சும்மா இரு, அவருக்கே பிடிக்காது" என்றார் இன்னொருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. படி வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது.

நான்கு பேர் பிடித்தார்கள். முன்பக்கம் ஒருவர் பின்னோக்கி இறங்க வேண்டும். அவன் போய் அந்த இடத்தில் நின்றான். முதல் திருப்பம் வரை யாரும் பேசவில்லை. திருப்பத்தில் குதிகால் படியின் விளிம்பைத் தேடியபோது, அவன் எதிரில் இருந்தவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சார், நின்னுட்டீங்க?" என்றார் மேலே இருந்த மெக்கானிக்.

"படி வந்தா சொல்லுங்க."

"வந்துடுச்சு சார்."

அவன் காலை இறக்கி வைத்தான். கீழே போய்ச் சேரும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த மெக்கானிக், "வருது சார், வருது சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. குளித்துவிட்டு மாடிக்கு ஏறினான். மழை இவ்வளவு நேரம் பொறுத்திருந்து, இப்போதுதான் ஓரிரு துளியாக ஆரம்பித்தது. விரிப்பின் ஒரு முனை கயிற்றிலிருந்து விடுபட்டுப் படபடத்தது. பின்னாலேயே அக்கா மகள் வந்தாள்.

"மாமா, அந்தக் கடைக்காரர் போறப்ப சொன்னார். இதைக் குடுத்தா சின்னதா ஒண்ணு மாத்தித் தர்றாராம். உங்களுக்கு அதானே பிடிக்கும்? டெலஸ்கோப்பையும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. ஒரு ஆளே தூக்கிக்கலாமாம்."

"அம்மாவை உன்கூடக் கூட்டிட்டுப் போறியா?"

"கூப்பிட்டேன். வர மாட்டாங்களாம். 'நான் நல்லாத்தான் இருக்கேன், நீ போய் உன் வேலையைப் பாரு'ன்னு சொல்றாங்க. அந்த நர்ஸ் குரல்ல." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க அடிக்கடி வந்து பாத்துக்குங்க மாமா."

வந்து பார்க்கலாம். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். அக்காவை அவனுக்குத் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பாள். ஏதாவது வேண்டுமா என்றால் எனக்கென்ன குறை என்பாள். அவளுக்கு யாரும் எதுவும் செய்துவிட முடியாது.

மகள் முக்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். "நனையுது மாமா. வாங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

"நீ விடு. அம்மாவைக் கூப்பிடு."

"அம்மாவையா? இப்பவா?"

"இப்பத்தான். கூப்பிடு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். வந்தவர்கள் குடித்த தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"என்னடா?"

"மழை வருதுக்கா. இதை உள்ள வைக்கணும். தனியாத் தூக்க முடியல."

அக்கா அவனைப் பார்த்தாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு திடகாத்திரமாக நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு மவுண்டைப் பார்த்தாள். துளிகள் விரிப்பின் மேல் பட் பட்டென்று விழுந்தன.

"அவரும் இதத்தான் சொன்னார்" என்றாள். அவள் குரல் அன்று முதல்முறையாகத் தடுமாறியது. "ஃபோனை வச்சுட்டு, குரல் சரியா இருந்துச்சான்னு என்னைக் கேட்டார்."

"சரியாத்தான் இருந்துச்சு" என்றான் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "வர்ற சனிக்கிழமை வானம் தெளிஞ்சா வெளிய எடுக்கணும்."

"அதுக்கும் நான்தான் வரணுமா?"

"ரெண்டு பேர் வேணுமேக்கா."

அக்கா மவுண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எடைக்கம்பியைத் தொடாமல், முக்காலியின் கால்களைச் சரியான இடத்தில் பிடித்தாள்.

"பின்பக்கமா நடக்கிறது நீயா?"

"நான்தான்."

"முதுகை வளைக்காத. முட்டியை மடக்கித் தூக்கு."

அவன் முட்டியை மடக்கினான். மவுண்ட் எழுந்தது. அவன் பார்த்த வரையில் அக்கா முக்கக்கூட இல்லை. அடி மேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்தான். அக்காவின் தோளுக்கு அப்பால், முக்காலி நின்ற இடத்தில், ஈரத் தரையில் மூன்று காய்ந்த வட்டங்கள் தெரிந்தன. அவற்றின் மேலும் துளிகள் விழ ஆரம்பித்தன.

"அங்க என்ன பாக்கிற? எனக்குக் கை வலிக்குது" என்றாள் அக்கா. பிறகு, நிலைப்படி வந்ததும், "ம்" என்றாள்.

அவன் காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.